சுவரைப் பார்த்து நின்றவர்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். நான் முதலில் பார்த்தது ஒரு முதுகை. கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, முழங்காலுக்கு மேல் நிற்கும் காக்கி நிஜார், கெண்டைக்காலில் சுற்றிய பட்டி. பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் பக்கச் சுவரைப் பார்த்து, ஒரு முழ தூரத்தில், ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒதுங்குகிறார் போலும் என்று மரியாதைக்காக நான் வேறு பக்கம் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அவருடைய இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டியிருந்தன. குதிகால்கள் சேர்ந்திருந்தன. அட்டென்ஷனில் நின்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால், திருச்சுழிச் சாலையிலிருந்து ஒரு கறுப்பு அம்பாசிடர் வந்தது. முன்னால் கட்சிக் கொடி. வண்டிகள் நுழையக் கூடாது என்று பலகை நட்டிருந்த நெசவாளர் வீதிக்குள் வேகம் குறையாமல் திரும்பிப் போனது. புழுதி அடங்கியது. போலீஸ்காரர் திரும்பினார். சாலை நடுவுக்கு வந்து கையை நீட்டினார். ஒரு சைக்கிளில் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏலே, எறங்கு. டபுள்ஸ் வரக் கூடாதுன்னு தெரியுமா தெரியாதா?"

"ஏட்டையா, இப்பத்தான ஒரு காரு போச்சு, பலகையத் தாண்டி?"

"எந்தக் காரு?"

"கறுப்புக் காரு."

"நீ பாத்தியா?"

"பாத்தேனே."

"நான் பாக்கல. உன்னத்தான் பாத்தேன். பேரச் சொல்லு."

அறுபதுகளின் நடுவில் ஒரு மதுரை நாளிதழுக்குச் செய்தி அனுப்பும் வேலையாக நான் அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்த முதல் காலை அது. பேப்பர்க் கட்டு வரும் பஸ்ஸுக்காக எதிர் டீக்கடையில் காத்திருந்தேன். டீ ஆற்றியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊருக்குப் புதுசோ? அவுக அப்பிடித்தான். தலைவர் காரு வந்தா திரும்பிக்கிடுவாக."

தலைவர் என்பவர் அப்போதைய ஆளுங்கட்சியின் வட்டாரப் பிரமுகர். திரும்பிக்கொண்டவர் ஹெட் கான்ஸ்டபிள். ஊருக்கு ஏட்டையா. ஒன்பது ஆண்டுகள் அவரோடு பழகினேன். அவர் பெயரைச் செய்தியில் எழுத ஒரு முறைகூட வாய்க்கவில்லை.

அந்த வீதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் தறி வீடுகள். உள்ளே தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். விடிந்ததும், தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை வீதியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு வீடுகளின் நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில், நூல் விறைத்து நிற்கும். அதில் கஞ்சி ஏற்றி, புருசால் நீவி, வெயில் கடுக்கும் முன் சுருட்டிவிட வேண்டும். அதற்காகத்தான் காலை ஆறு முதல் ஒன்பது வரை எந்த வண்டியும் நுழையக் கூடாது என்று நகராட்சி பலகை வைத்திருந்தது. வைக்கோல் பார வண்டிகளும் வீரசோழனிலிருந்து வரும் பஸ்ஸும் கண்மாய்க் கரையைச் சுற்றிக் கடைத்தெருவுக்குப் போயின. ஒன்றரை மைல் சுற்று. அதைச் சுற்றாமல் போன ஒரே வண்டி தலைவருடையது.

பழகிய பிறகு ஒரு நாள் ஏட்டையாவிடம் நேராகவே கேட்டேன்.

"பாத்துட்டுப் பேசாம விட்டுற வேண்டியதுதானே ஏட்டையா? எதுக்கு இந்தச் சிரமம்?"

அவருக்கு முகம் மாறிவிட்டது. ஏதோ திருட்டுப் பட்டம் கட்டியதுபோல் என்னைப் பார்த்தார்.

"பாத்துட்டு எழுதாம இருந்தா அது பொய்யில்லையா தம்பி? இருபது வருசம் சர்வீஸு. நோட்டுல ஒரு பொய் கெடையாது. நீங்க வேணா பொரட்டிப் பாத்துக்கங்க."

"பாத்தா எழுதிருவீங்களா?"

"எழுதாம? எழுதியிருக்கேனே." வாலிபத்தில் கமுதிப் பக்கம் வேலை பார்த்தபோது, விளக்கில்லாமல் வந்த ஒரு பெரிய மனிதரின் காரை நிறுத்தி எழுதியிருக்கிறார். மறுநாள் மாற்றல். போன ஊரிலும் அதே மனிதரின் சம்பந்தியுடைய கார். அங்கும் எழுதினார். "மூணு வருசத்துல அஞ்சு ஊரு. தட்டுமுட்டுச் சாமானக் கட்டுறதும் அவுக்கறதுமாவே போச்சு. கடைசில வீட்டுக்காரிதான் கேட்டா, போலீஸ்காரன் எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னு உங்க சட்டப் புத்தகத்துல இருக்கான்னு. தேடிப் பாத்தேன். இல்ல."

இதை அவர் சிரித்துச் சொல்லவில்லை. தேடிப் பார்த்தேன் என்றால் தேடித்தான் பார்த்திருப்பார்.

அந்த மனைவியையே அவர் ஒரு முறை சாலையில் இறக்கியிருக்கிறார். மைத்துனர் சைக்கிள் ஓட்ட, அந்த அம்மா கேரியரில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். வீதி மூலையில் ஏட்டையாவின் கை நீண்டது. "அக்காளும் தம்பியும் வந்தா அது டபுள்ஸ் இல்லையா?" என்று மைத்துனர் பெயரை எழுதிக்கொண்டார். அந்த வாரம் அவர் மூன்று வேளையும் கிளப்புக் கடையில் சாப்பிட்டதை டீக்கடையில் எல்லோரும் கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கடையிலும் காசு கொடுத்துத்தான் சாப்பிட்டார். ஓசி டீகூடக் குடிக்க மாட்டார்.

காரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பார்த்ததாகிவிடும். அதனால் காதால் கேட்டுத் திரும்புவார். தலைவருடைய அம்பாசிடருக்குப் பின்கதவு ஒன்று சரியாகச் சாத்தாது. அந்தக் கடகடப்பு திருச்சுழிச் சாலை மேட்டில் ஏறும்போதே அவருக்குக் கேட்டுவிடும். நாங்கள் ஐந்தாறு பேர் பேசிக்கொண்டிருப்போம். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சுவரை நோக்கி நடப்பார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கார் கேட்கும். அவர் திரும்பியிருக்கிற அந்த நிமிடத்துக்காகவே சில டபுள்ஸ் சைக்கிள்கள் வேப்பமரத்தடியில் காத்திருக்கும். கார் போகும்போது கூடவே பறக்கும். ஏட்டையா சுவரைப் பார்த்தபடியே முணுமுணுப்பார்: "ரெண்டு போகுது. ஒண்ணுல செயினு லூசு. நாளைக்கு வராமயா போயிருவான்?"

இந்தத் திரும்புதல் வீதிக்குப் பயன்பட்டது என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். வீதி முனை வீட்டுக்காரர் பல் துலக்குகிற சாக்கில் ஏட்டையாவைப் பார்த்தபடி நிற்பார். காக்கி முதுகு தெரிந்ததும் "ஏட்டு திரும்பிட்டாரு!" என்று ஒரு குரல். அது வீடு வீடாக உள்ளே ஓடும். ஆணும் பெண்ணுமாக வந்து, கட்டை அவிழ்த்து, நனைந்த பாவை அப்படியே தோளில் ஏந்திச் சுவரோரம் ஒதுங்குவார்கள். கார் போகும். பாவு மறுபடி நடுவீதிக்கு வரும். தலைவர் சில நாள் காருக்குள்ளிருந்து கும்பிடுவார். கை நிறைய நூலோடு நிற்கிறவர்கள் தலையை மட்டும் அசைப்பார்கள். இப்படி நடக்கிறது என்று யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. பலகை செய்யாத வேலையை அவர் முதுகு செய்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு தேர்தல் வந்தது. ஊரில் கொடி மாறியது. கடகடக்கும் அம்பாசிடர் கொட்டகைக்குள் போனது. புதிய தலைவர் ஒரு ஜீப்பில் வந்தார்.

அந்த வாரம் ஏட்டையா பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. முட்டை வியாபாரியின் வேன் சத்தத்தைத் தலைவர் ஜீப் என்று நினைத்து ஒரு நாள் அட்டென்ஷனில் நின்றார். பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய வீதி, உள்ளே வந்த முட்டை வேனைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் வைதது. மறுநாள் ஜீப் வந்தபோது அவருக்கு அந்தச் சத்தம் பழக்கமில்லை. திரும்பாமல் நின்றுவிட்டார். கண்ணால் பார்த்துவிட்டார். பார்த்ததால் நிறுத்தினார்.

"பலகையில எழுதியிருக்குங்க. சுத்தித்தான் போகணும். பேரச் சொல்லுங்க."

புதிய தலைவர் இறங்கினார். பலகையைப் படித்தார். ஏட்டையாவின் தோளில் கை வைத்து, கூடிய கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்: "இவர்தான் காவலர்! எங்கள் ஆட்சியில் தலைவனுக்கு ஒரு சட்டம், தறிக்காரனுக்கு ஒரு சட்டம் கிடையாது!" கை தட்டினார்கள். ஜீப் கண்மாய்க் கரையைச் சுற்றிப் போனது. நான் செய்தி அனுப்பினேன். கட்டம் கட்டிப் போட்டார்கள். அதிலும் 'காவலர் ஒருவர்' என்றுதான் வந்தது.

ஏட்டையா அந்தப் பேப்பரை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். ஒரு மாதம்போல அவர் சுவர்ப் பக்கமே போகவில்லை. அந்த மாதத்தில் அவர் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார் என்று இப்போது தோன்றுகிறது. ஜீப் ஒழுங்காகச் சுற்றிப் போனது. பிறகு மழை பெய்து கண்மாய்க் கரை சேறானது. இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். திரும்பி வந்தவரிடம் என்ன விஷயம் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. அவுகளுக்கு நேரமாகுதாம்."

மறுநாள் காலை, ஜீப்பின் ஓட்டைச் சைலன்சர் மேட்டில் படபடத்ததும், தொப்பியைச் சரிசெய்துகொண்டு சுவரை நோக்கி நடந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் செய்தியாக அனுப்பவில்லை.

அதன்பின் ஆண்டுகள் ஓடின. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம். ஏட்டையா என்னிடம் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று கழுத்தைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பதற்றத்தை நான் கண்டதில்லை. நடக்கவில்லை, ஓடினார். சுவரை அடைந்து குதிகால் சேர்க்கும்போது ஜீப் அவர் முதுகைத் தாண்டிவிட்டது. முந்தின நாள்தான் மதுரைக்கு அனுப்பி அதற்குப் புதுச் சைலன்சர் மாற்றியிருந்தார்கள்.

"ஏட்டு திரும்பி..." என்ற குரல் பாதியில் நின்றது.

பாவு ஜீப்பின் முகப்பில் மாட்டி இழுபட்டது. மறு முனையில் கயிற்றை இடுப்பில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த நெசவாளி, கயிற்றோடு வந்து கல்லில் விழுந்தார். வலது முழங்கால் உடைந்தது. தறிக்குழியில் இறங்கிக் கால்பலகை மிதிக்கிறவருக்கு வலது கால். ஜீப் கொஞ்சம் பின்னால் வந்து, நூலை அறுத்துக்கொண்டு, கடைத்தெருப் பக்கமாகப் போய்விட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அன்று அனுப்பிய செய்தியில் 'ஒரு வாகனம்' என்று எழுதினேன்.

சாயங்காலம் வீதி முனையில் பலகையைக் காணவில்லை. கம்பம் இருந்தது, ஆணி அடித்த ஓட்டைகளோடு. நான்கு நாள் கழித்து ஒரு வழக்குப் பதிவானது. பொது வழியை மறித்துப் பாவு கட்டியதாக, கட்டுப்போட்ட காலோடு கிடந்த நெசவாளி மேல். முதல் சாட்சி, சம்பவ இடத்தில் காவலில் இருந்த ஏட்டையா. தண்டனை விழுந்தால் அந்த மனிதரோடு நிற்காது, இனிமேல் வீதியில் எவரும் பாவு கட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக்குள் கட்டுவதற்கு யாருக்கும் அத்தனை நீளத்துக்கு வீடு இல்லை.

நெசவாளியின் மனைவி மூலைக்கே வந்து ஏட்டையாவைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏட்டையா, நீங்க அங்கனதான நின்னீக. எங்க வீட்டுக்காரவுக மேல தப்பில்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நான் பாக்கலம்மா."

"ஊரே பாத்துச்சு. நீங்க மட்டும் பாக்கலயா?"

"பாக்கல. பாத்தேன்னு எப்பிடிச் சொல்ல?"

"அப்ப பாவ மறிச்சுக் கட்டுனதயும் பாக்கலதான?"

ஏட்டையா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல போலீசு. இந்தச் சுவத்துக்கு டூட்டி பாத்த நேரத்துக்கு ஒரு தறி ஓட்டியிருந்தா நாலு சேலையாச்சும் தேறியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன திசையையே ஏட்டையா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோர்ட்டில் கூட்டம். நெசவாளியை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏட்டையா கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். போலீஸ் தரப்பில் வழக்கை நடத்திய அதிகாரி, முடிந்துபோன ஒன்றை முடித்து வைக்கிற தோரணையில் கேட்டார்.

"சம்பவ நேரத்தில் எதிரியான இந்த நெசவாளி பொது வழியை மறித்துப் பாவு கட்டியிருந்ததைப் பார்த்தீர், அப்படித்தானே?"

"பாக்கலங்க ஐயா."

அதிகாரி தாளைப் புரட்டினார். "நீர் அங்கேதானே டூட்டியில் இருந்தீர்?"

"அங்கனதான் இருந்தேன். சுவரப் பாத்து நின்னேன்."

பின்வரிசையில் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டினார். "எதுக்குய்யா சுவரைப் பார்த்து நின்னீர்?"

"வண்டி வந்துச்சுங்க ஐயா."

"வண்டியைப் பார்க்கத்தானே உம்மை அங்கே நிறுத்தியிருக்கு?"

"மத்த வண்டியெல்லாம் பாப்பேங்க. இந்த வண்டி வந்தா திரும்பிக்கிடணும்."

"எந்த வண்டி?"

அதிகாரி எழுந்து, இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார். ஆனால் கேள்வி கேட்டது மாஜிஸ்திரேட். சத்தியம் செய்துவிட்டு நிற்பவர் ஏட்டையா.

"தலைவர் ஜீப்புங்க ஐயா."

"பார்க்காமல் எப்படிய்யா தெரியும்?"

"பாத்துட்டுத் திரும்புனா பொய்யாப் போகுங்க. கேட்டுத்தான் திரும்புவேன்." பிறகு, யாரும் கேட்காமலே, காதால் கேட்டதையெல்லாம் சொன்னார். பலகைகிட்ட ரெண்டாவது கியர் போட்டது. பிரேக்குச் சத்தம் இல்லை. நூல் அறுந்தது ஓட்டுக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருந்தது. அந்த ஆள் ஒரு தடவைதான் கத்தினார். ஜீப் பின்னால் வந்தது. உள்ளேயிருந்து "போ, போ" என்று ஒரு குரல். யார் குரல் என்று கேட்டால் அதையும் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

"ஆனா ஐயா, தப்பு என் மேலதான்."

நெசவாளியின் மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன தப்பு?" என்றார் மாஜிஸ்திரேட்.

"லேட்டாத் திரும்பிட்டேன். புது சைலன்சருங்க, சத்தம் தெரியல. நான் திரும்புனாத்தான் வீதிக்காரவுக பாவ எடுப்பாக. அத்தன வருசமும் அப்பிடித்தான். அன்னிக்கு ஒரு நாள்தான் தவறிருச்சு. இவுக மேல குத்தமில்லைங்க. நான் நேரத்துக்குத் திரும்பியிருக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதிகாரி சன்னலுக்கு வெளியே பார்த்தார். மாஜிஸ்திரேட்டின் கையில் பேனா இருந்தது. அது எந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தியது என்று நான் கவனித்தேன். 'சுவரப் பாத்து நின்னேன்' என்பதற்குப் பிறகு அது காகிதத்தில் படவில்லை.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. நெசவாளி விடுதலை. வீதியில் பாவு மறுபடி கட்டினார்கள். அவர் வீட்டுத் தறிக்குழியில் மனைவி இறங்கினார். ஏட்டையாவைத் தாலுகா ஆபீஸ் கஜானாக் காவலுக்கு மாற்றியிருந்தார்கள். மூலைக்கு வேறு ஆள் வந்தார். அவருக்குச் சுவர் தேவைப்படவில்லை. சாலையைப் பார்த்து நின்றே சல்யூட் அடித்தார்.

கோர்ட் எழுத்தரிடம் கேட்டுத் தீர்ப்பின் நகலை வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். முதல் சாட்சி சம்பவத்தைப் பார்க்கவில்லை என்று கூறியதாலும், வேறு சாட்சி இல்லாததாலும் எதிரி விடுவிக்கப்படுகிறார் என்று இருந்தது. ஜீப் என்ற சொல் அந்த ஒன்றரைப் பக்கத்தில் எங்கும் இல்லை.